ஒரே அச்சில் ஐந்து வரிகள்

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. நேரில் வரிசை மேடம், கொஞ்சம் நெருக்கம் என்றால் வரிசையக்கா, அவள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால் வெறும் வரிசை. எதையும் வரிசையில் நிறுத்தாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். அடுத்தவர் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூடப் போகிற போக்கில் நேராக்கிவிட்டுத்தான் போவாள். அவள் வீட்டுக்காரர் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போடுவதே அவளை வம்புக்கு இழுக்கத்தான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேக்கரிகளுக்கு மாவு பிசையும் மெஷின் செய்து விற்கிற இடம். முன்னால் ஆபீஸ், பின்னால் பட்டறை, நடுவில் எப்போதும் கிறீச்சிடுகிற ஓர் இரும்புக் கதவு. மெஷினோடு போகிற தாள்களையெல்லாம் இங்கிலீஷில் எழுதுவது அவள் வேலை. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் ஓடாது. இருந்தாலும் இங்கிலீஷில் எழுதி ஒட்டினால்தான் நல்ல மெஷின் மாதிரித் தெரியும் என்பது முதலாளியின் கணக்கு. அந்தக் கணக்கால்தான் அவளுக்கு அங்கே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஜன்னலோரம் ஓர் இடம்.

அவளுக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருந்தது. பாரலல் ஸ்ட்ரக்சர் என்பார்கள். ஒரு வாக்கியத்தில் நாலு சமாசாரம் அடுக்கினால் நாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். ஒன்று நின்றுகொண்டும் ஒன்று உட்கார்ந்துகொண்டும் ஒன்று படுத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. இங்கிலீஷ் எழுத வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இடறி விழுகிற இடம் அதுதான் என்று அவள் அடித்துச் சொல்வாள். நாலு மாசத்துக்கு முன்னால் அவள் எழுதிய கழுவுகிற கார்டு ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது. மெஷினைக் கழுவும் முறை, மொத்தமே ஐந்து வரி.

ப்ரெஸ் த பட்டன். லிஃப்ட் த கவர். ஸ்க்ரப் த ஹூக். வாஷ் த பௌல். புல் த ப்ளக்.

வரிக்கு மூன்று சொல். முதலில் ஒரு வினை, நடுவில் ஒரு 'த', கடைசியில் ஒரு பொருள். பட்டனை அமுக்கு, மூடியைத் தூக்கு, கொக்கியைத் தேய், தொட்டியைக் கழுவு, ப்ளக்கைப் பிடுங்கு. வேலை ஓடாத மதிய நேரங்களில் அந்தக் கார்டை ஒரு தடவை பார்த்தால் போதும், அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். முதலாளி முதல் வரியை மட்டும் படித்துவிட்டு சூப்பர் என்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு போன முப்பத்தொரு மெஷினோடும் அந்தக் கார்டு போனது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. ஆபீஸில் எல்லாரும் நாலு வரி இங்கிலீஷ் ஒழுங்காக எழுதப் பழக வேண்டும், சனிக்கிழமை காலையில் வரிசை மேடம் வகுப்பு எடுக்கட்டும் என்றார். மூன்று பேர் மாட்டினார்கள். ரிசப்ஷனில் உட்காரும் பெண், வேன் ஓட்டும் டிரைவர், ஸ்டோர் பார்க்கிறவர். ஸ்டோர்காரருக்கு ஒரு பழக்கம். ஒரு நட்டு வந்தால்கூட அது எதற்கு, எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அந்த மனுஷனை முதல் வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பது லேசான காரியம் இல்லை.

"இங்க பாருங்க. தமிழ்லயே சொல்றேன்," என்று ஆரம்பித்தாள். "காலைல எந்திரிச்சேன், பல்லு விளக்கினேன், குளியல். இப்படி யாராவது பேசுவாங்களா?"

டிரைவர் சிரித்துவிட்டார். "அந்தக் குளியல் மட்டும் தனியா நிக்குதே மேடம்."

"அதேதான்! எந்திரிச்சேன், விளக்கினேன்னு சொன்னா குளிச்சேன்னுதான் வரணும். இங்கிலீஷ்லயும் அப்படித்தான். ஒரு வரி ஒரு மாதிரி ஆரம்பிச்சா எல்லாமே அந்த மாதிரிதான் ஆரம்பிக்கணும்." சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து கார்டைக் கழற்றி, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி மூன்று பேருக்கும் காட்டினாள். "இதுக்கு உதாரணம் வேணும்னா இதைப் பாருங்க. பட்டறை ஃபிட்டரண்ணன் தமிழ்ல எழுதிக் குடுத்தப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒண்ணு கிழக்க பாக்கும், ஒண்ணு மேற்க பாக்கும். நான்தான் அஞ்சையும் பிடிச்சு ஒரே அச்சுல உக்கார வச்சேன்."

ரிசப்ஷன் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். டிரைவர் வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து, பாட்டு மாதிரி இருக்கிறது மேடம் என்றார். வரிசைக்குப் பூரித்துப் போயிற்று. ஸ்டோர்காரர் மட்டும் கார்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"கொக்கியத் தேய்க்கிறோம். தொட்டியக் கழுவுறோம். அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ப்ளக்கைப் பிடுங்கணுமா? அப்ப தேய்க்கும்போது கரண்ட் இருக்குமே?"

"அதான் முதல் வரிலயே பட்டனை அமுக்கி நிறுத்தியாச்சே," என்று அவள் சட்டென்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மெஷினில் அந்தப் பட்டன் இருக்கும் இடம் கண்முன் வந்தது.

நிறுத்துகிற பட்டன் சிவப்பு. அதற்குப் பக்கத்திலேயே, நாலு விரற்கடை தள்ளி, ஓடவிடுகிற பச்சைப் பட்டன். இரண்டும் ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில். தொட்டிக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுக் குனிந்து தேய்க்கிறவன் இடுப்பைக் கொஞ்சம் அசைத்து மெஷின்மேல் சாய்ந்தால் பச்சைப் பட்டன் அமுங்கும். அமுங்கினால் கொக்கி சுற்றும். முழங்கை கனமுள்ள இரும்புக் கொக்கி. ஐயோ, அது மாவுக்கும் கைக்கும் வித்தியாசம் பார்க்குமா? அப்புறம் வகுப்பாவது மண்ணாவது! கார்டைப் பிடுங்கிக்கொண்டு இரும்புக் கதவைத் தள்ளிப் பட்டறைக்குள் ஓடினாள்.

ஃபிட்டர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கழுவுற முறைன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அட்டை, அது இருக்கா?"

ஃபிட்டர் எதையும் தூக்கிப் போடுகிற ஜாதி இல்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, கிரீஸ் படிந்த ஓர் அட்டைப் பெட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தார். பென்சில் எழுத்து. சிவப்பு பட்டனை அமுக்கவும். மூடி தூக்கணும். கொக்கி தேய்த்தல். தொட்டி அலசிட்டா சரி. அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து வளைந்து ஏறி, ஒரு நீளமான வரி: இது எல்லாத்துக்கும் முன்னாடி ப்ளக்கை புடுங்கியிருக்கணும்.

எழுதி முடித்த பிறகு ஞாபகம் வந்து அவர் கடைசியில் சேர்த்த வரி. அவள் அன்றைக்கு என்ன செய்தாள் என்பது இப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பிரஸ்காரன் வாசலில் நிற்கிறான், முதலாளி அவசரப்படுத்துகிறார், நாலு வரி அழகாக மூன்று சொல்லில் வந்துவிட்டது, ஐந்தாவது மட்டும் வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வாலைத்தான் நறுக்கினாள். 'எல்லாத்துக்கும் முன்னாடி' என்பது போயிற்று, ப்ளக்கைப் பிடுங்கு என்பது நின்றது. நின்ற இடத்திலேயே, கடைசியில்.

அவள் கார்டைத் தமிழில் சொல்லக் கேட்டதும் ஃபிட்டர் எழுந்து நின்றுவிட்டார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

"யாரைக் கேட்டும்மா அதைக் கடைசில போட்ட?"

"அழகா இருக்கட்டும்னு..."

"அழகா?" என்றார். அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தக் கடைசி வரியை விரலால் ஒரு தடவை தடவினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

முதலாளி விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்து, தானும் கையெழுத்துப் போட்டதை நினைத்து இன்னும் வெளுத்து, முதல்ல ஒவ்வொருத்தருக்கா போன் போடு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம் என்றார். ஸ்டோர்காரர் மெஷின் போன ரிஜிஸ்டரை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நம்பரைப் படிக்க, அவள் போட்டாள். முப்பத்தொரு மெஷின், நாலு மாசம், தினம் ஒரு கழுவல். எத்தனை தடவை எத்தனை கை அந்தத் தொட்டிக்குள் போய் வந்திருக்கும்! கடவுளே, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆகியிருந்தால் இந்த ஜென்மத்தில் தன்னால் ஒரு வரி எழுத முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஹலோ, மெஷின் கம்பெனிலேர்ந்து பேசறேங்க. கழுவுறதுக்கு ஒரு கார்டு குடுத்திருந்தோமே..."

"கார்டா? என்ன கார்டு?"

"இங்கிலீஷ்ல, அஞ்சு வரி..."

"ஓ, அதுவா. தெரியலீங்களே. எங்கயாவது கிடக்கும். ஏன், அதுக்கு எதுவும் கட்டணுமா?"

"இல்லீங்க, இல்லீங்க. மெஷின் கழுவும்போது ப்ளக்கை எப்ப பிடுங்குறீங்க?"

"இதென்ன கேள்வி? பிடுங்கிட்டுத்தான் கழுவுவோம்."

அப்பாடா. அவள் போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டாள். ஸ்டோர்காரர் ஒரு டிக் போட்டார். இரண்டாவது கடையில் அந்தக் கார்டைக் கவுன்ட்டருக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், இங்கிலீஷில் இருப்பதால் வருகிறவர்கள் பார்த்தால் மரியாதையாக இருக்கும் என்று. படித்தீர்களா என்றதற்கு, மாட்டியிருக்கோம்னு சொல்றேனே என்று பதில் வந்தது. மூன்றாவது கடையில் ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார்கள், நல்ல கெட்டி அட்டையாம். ஆறாவது கடையில் சுவர் ஓட்டையை அடைத்திருந்தார்கள். ப்ளக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான், பிடுங்கிட்டுத்தான் கழுவுவோம். எட்டாவதில் எடுத்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே ஒரு பிடி பிடித்தாள்.

"கரண்ட் இருக்கும்போது தொட்டிக்குள்ள கை விடுறதுக்கு நாங்க என்ன கிறுக்கா கண்ணு? கார்டைப் பாத்துத்தான் கழுவணும்னா நாங்க கடையே நடத்த முடியாது. நீ எதுக்கு இவ்வளவு பதறுற? போய் ஒரு டம்ளர் தண்ணி குடி."

தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு டிக்குக்கும் நெஞ்சின் மேலிருந்து ஒரு கல் இறங்கியது. கூடவே இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். பதினைந்தாவது கடை தாண்டியபோது அவளுக்கு மூக்கு லேசாக அறுபட ஆரம்பித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதிய வரிகள்! ஒரு பிள்ளைகூடப் படிக்கவில்லை! படிக்கவில்லையே என்று கோபம் வருகிறது, படிக்காமல் இருந்தீர்களே நீங்கள் நல்லா இருக்கணும் என்று கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது. இருபதாவது கடைக்காரர், படிக்கலீங்க மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கே படிச்சிடறோம் என்று சொன்னபோது, "ஐயோ படிக்காதீங்க! தயவு பண்ணிப் படிச்சிடாதீங்க! கிழிச்சுப் போட்டுடுங்க!" என்று கத்திவிட்டாள். ஸ்டோர்காரர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

முப்பது டிக் விழுந்தது. கடைசி நம்பர் மட்டும் எடுக்கவில்லை. ஐந்து தடவை போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே குரல் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.

"எந்தக் கடை அது?" என்று கதவருகில் நின்ற ஃபிட்டர் கேட்டார். ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. "அடடா. இங்க மெஷின் இறக்கப் போனப்போ அந்த மனுஷன் கார்டை வாங்கி அங்கேயே எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. நான் கழுவிக் காட்டறேன்னேன். வேணாம், இதுல எழுதியிருக்குல்ல, இதுப்படியே பண்ணிக்கறேன்னுட்டாரு."

முப்பது பேர் படிக்காத வயிற்றெரிச்சல் ஒரு நொடியில் எங்கேயோ போயிற்று. அவளை ஒருத்தர் படித்திருக்கிறார். ஒரே ஒருத்தர். அந்த ஆளின் போன்தான் எடுக்கவில்லை.

டிரைவர் வேனை எடுத்தார். அவள் முன்னால் ஏறினாள், ஃபிட்டர் பின்னால் மாவுத்தொட்டி மூடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேர வழி. டயர் கடைகளும் மருந்துக் கடைகளும் போயின, ஒருவழிப் பாதையில் ஒரு குப்பை லாரி முன்னால் மாட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. டிரைவர் ஏதாவது பேசி அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தார் போல.

"ஒண்ணும் ஆகியிருக்காது மேடம். ஆகியிருந்தா இந்நேரம் நமக்குப் போன் வந்திருக்கும்ல?"

"போன் பண்றதுக்குக் கை வேணாமாய்யா?" என்றாள். அவர் ஹாரனை அழுத்தினார்.

கடை திறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் ரொட்டியும் அடுக்கியிருந்தன. கவுன்ட்டரில் ஓர் அம்மாள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் கம்பெனிலேர்ந்து வரோம். ஐயா இருக்காரா? போன் போகவே இல்ல."

"போன்ல மாவு போயிருச்சு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கு. உள்ள மெஷின் கழுவிட்டிருக்காரு, போய்ப் பாருங்க."

கழுவிட்டிருக்காரு. அவள் ஓடினாள். தட்டு அடுக்கில் முட்டி இடித்தது, வலி தெரியவில்லை. பின்னறையில் மெஷின் நின்றது. அதற்குள் தலையும் தோளும் புதைந்த மாதிரி ஓர் ஆள் குனிந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு பச்சைப் பட்டனுக்கு மிக அருகில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பின்னால் வந்த ஃபிட்டர் அவள் தோளை அழுத்திப் பிடித்தார்.

"கத்தாத. பயந்து சாஞ்சுடுவாரு," என்று காதோரம் சொன்னார்.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். எங்கே பார்ப்பது என்று அப்புறம்தான் உறைத்தது. மெஷினின் பின்பக்கத்திலிருந்து கறுப்பு ஒயர் தரையில் இறங்குகிறது. ஈரத்தரையில் ஒரு சுற்று சுற்றி ஓர் எண்ணெய் டின்னைத் தாண்டி வருகிறது. சுவருக்குப் போகவில்லை. அந்த ஆளின் காலருகே வந்து மேலே ஏறி அவர் மேலங்கிப் பைக்குள் போகிறது. பைக்கு வெளியே ப்ளக்கின் மூன்று பித்தளைக் காலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். ஃபிட்டர் சத்தமாக ஒரு பெருமூச்சு விட்டார். அந்தச் சத்தத்துக்குத்தான் பேக்கரிக்காரர் தலையைத் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும், புருவமெல்லாம் மாவு.

"அடேடே, ஃபிட்டரா! வாங்க வாங்க. என்ன விஷயம்? இவங்க யாரு, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காங்க," என்றார் ஃபிட்டர். "ப்ளக் எதுக்குப் பையில?"

"அதைக் கேக்குறீங்களா?" பேக்கரிக்காரர் கையை உதறித் துண்டில் துடைத்துக்கொண்டார். "முதல்ல உங்க கார்டுல உள்ளபடிதான் செஞ்சேன். பட்டனை அமுக்கு, மூடியத் தூக்கு, தேய், கழுவு, கடைசியா ப்ளக்கு. மூணாவது நாளு, பிரஷ்ஷைத் தண்ணில முக்கலாம்னு கையை வெளிய எடுத்து இந்தப் பக்கம் திரும்பினேன் பாருங்க, இடுப்பு பட்டு மெஷின் ஓடிருச்சு. அதுக்கு ஒரு நொடி முன்னாடி வரைக்கும் கை உள்ளதான் இருந்துச்சு."

வரிசை கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நொடி. பிரஷ்ஷில் தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நொடி.

"அதுலேர்ந்து ப்ளக்கைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் மத்த வேலை. ஆனா கார்டு வேற சொல்லுதே, அதைப் பாத்தா மனசு உறுத்தும்ல? அதான் இப்படிப் பண்ணிட்டேன்." சுவரைக் காட்டினார்.

அவளுடைய கார்டு அங்கே இருந்தது. கத்தரிக்கோலால் ஐந்து துண்டாக நறுக்கி, மறுபடி ஓர் அட்டையில் ஒட்டியிருந்தார். புல் த ப்ளக் மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே மற்ற நாலும் பழைய வரிசையில். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். ஒட்டினது தெரியவே இல்லை.

"அச்சடிச்சவங்க நல்ல வேலைக்காரங்க," என்று பேக்கரிக்காரர் மெச்சிக்கொண்டார். "அஞ்சும் ஒரே சைஸு. எதை எடுத்து எங்க வச்சாலும் கப்புன்னு உக்காந்துக்குது. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிருச்சு."

ஃபிட்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது கோபம் இல்லை, ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்தும் ஒரே உயரம் என்பதால்தானே எது முக்கியம் என்று அவள் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. ஐந்தும் ஒரே உயரம் என்பதால்தான் இந்த மனுஷனால் தூக்கி மாற்றவும் முடிந்திருக்கிறது. ஃபிட்டரின் கோணல் வரியை ஒருத்தனும் வெட்ட முடியாது, வெட்டத் தேவையும் இருந்திருக்காது. புதுக் கார்டில் அந்த வரியை அப்படியே, நீளமாக, மற்ற நாலோடும் ஒட்டாமல், தலைக்கு மேல் சிவப்பில் போடுவது என்று அங்கேயே முடிவு பண்ணினாள். அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"ஐயா, ஏன் எங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லல?" என்று கேட்டாள்.

பேக்கரிக்காரர் கூச்சத்தோடு பின்கழுத்தைச் சொறிந்தார். "என்னன்னு சொல்றது? இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. படிச்சவங்க எழுதியிருக்காங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு. அவங்க சரியாத்தான் எழுதியிருப்பாங்க, நமக்குத்தான் புரியலன்னு நெனச்சேன். எம் பொண்டாட்டிகிட்ட காட்டினா, படிச்சவங்க எழுதினதை வெட்டி ஒட்டுறீங்களே, நீங்க பெரிய வாத்தியாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஓட்டிக்கிட்டு இருக்கா. யாராவது வந்தா கேக்கணும்னுதான் இருந்தேன். ஏங்க, புல்லுன்னா பிடுங்குன்னுதானே அர்த்தம்? இல்ல, சொருகுன்னு ஏதாவது..."

கை போகிற அளவுக்கு வந்து தப்பித்த மனுஷன், மூன்று மாசத்துக்கு மேலாகத் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மெஷினையும் சந்தேகப்படவில்லை, கார்டையும் சந்தேகப்படவில்லை. தன் படிப்பை மட்டும்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். இதற்கு அவர் நாலு திட்டுத் திட்டினாலும் தகும், ஏன், கடைக்கு வெளியே பிடித்துத் தள்ளினாலும் தகும் என்று தயாரானாள்.

"பிடுங்குன்னுதாங்க அர்த்தம்," என்றாள். "அந்தக் கார்டை எழுதினது நான்தான். ப்ளக் முதல்ல வந்திருக்கணும். நான்தான் கடைசில போட்டுட்டேன். தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க."

பேக்கரிக்காரர் அவளையே பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. புருவ மாவெல்லாம் மேலே ஏறியது.

"நிஜமாவா? கார்டுதான் தப்பா?"

"கார்டுதான் தப்பு."

"நான் படிச்சது சரியா?"

"அத்தனையும் சரி. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"அடி சக்கை!" அவர் துண்டைத் தூக்கித் தோளில் போட்டார். கோபத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. பரீட்சையில் தேறிவிட்டதாகத் தபால் வந்த மாதிரி ஒரு சிரிப்பு காதுவரைக்கும் போயிற்று. "ஏ, இங்க வா! சீக்கிரம் வா! கார்டுதான் தப்பாம்! எழுதினவங்களே வந்திருக்காங்க! எனக்கு இங்கிலீஷ் சரியாத்தான் புரிஞ்சிருக்கு!"

முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆமா, நீங்களே சொல்லிக்கோங்க!"

"கேளுங்க அவளை! எப்படிப் பேசறா பாருங்க!" வரிசையிடம் அவர் கெஞ்சலாகத் திரும்பினார். "நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நம்ப மாட்டா."

வரிசைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்துச் சொன்னாள். "ஆமாங்கம்மா! அவருக்குச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு! எழுதின எனக்குத்தான் புரியல!"

பேக்கரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். முன்னால் ஒரு சத்தமும் இல்லை.

"அவளுக்குக் கேக்கல," என்றார். "இன்னும் கொஞ்சம் சத்தமா."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.